ஒரு கோப்பிக்கடை என்பது ஆறு அடுப்பு
ஜார்ஜ் டவுன் கடைவீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் பாரம்பரிய வட்டாரத்தில், கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடு வைத்திருப்பவர்களுக்கும், கோங்சி எனும் சீனர் சங்கங்கள், வக்ஃபு, கோயில் சொத்துகளைக் கவனித்துவரும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் பினாங்குக் கடைத்தெருவில் வளர்ந்தவன். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அவர்களை நடக்கவைத்துச் சாப்பிடவைப்பது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. காலையில் கோப்பிக்கடையில் பசியாறல், பகலுக்குக் குழம்பு ஊற்றிய சோறான நாசி கண்டார், வெயில் ஏறியதும் ஒரு கிண்ணம் குளிர்ந்த செண்டோல், ராத்திரி சூலியா தெரு ஒட்டுக்கடையில் மீ (நூடுல்ஸ்). இருபது ஆண்டுகளாக இதே சுற்றுதான். ஆனால் வருடத்துக்கு வருடம் நின்று சாப்பிடும் இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அதை உங்களிடம் சொல்லக் காரணம், அந்த இடங்களின் சாவி உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, வந்த வாடகையில் கூரை ஓடு மாற்றக்கூட முடியாமல் தவித்தவர்கள் உங்களில் பலர். அது 1997-இல் ரத்தாகி, 2000 தொடக்கத்தில் முழுதாக விலகியது. வாடகை ஏறியது, தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் கிளம்பினார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து நம் ஊரும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2012-இல் ஆர்மேனியன் தெருச் சுவரில் எர்னஸ்ட் சக்காரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகளைப் பார்க்கவே கூட்டம் வந்தது. பின்னாலேயே காபேக்களும் வந்தன. அவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சரிய இருந்த எத்தனையோ கூரைகளைத் தாங்கிப் பிடித்தது அந்தப் பணம்தான். நடு முற்றத்தில் மழை நேராக விழ, பூப்போட்ட பழைய தரையில் கால்நீட்டி உட்கார்ந்து என் மகளோடு நானும் காப்பி குடிக்கிறேன். அந்த முற்றத்தைச் சிமென்ட் போட்டு மூடாமல் விட்டவருக்கு மனதார நன்றி சொல்லியிருக்கிறேன்.

என் கவலை வேறு. கோப்பிக்கடை உங்கள் கணக்கில் ஒரு பெயர், ஒரு ரசீது. உள்ளே நிலைமை அப்படி இல்லை. கடையை நடத்தும் முதலாளியான தவுக்கே விற்பது முக்கியமாகப் பானம்; கூடவே ரொட்டி வாட்டுவார், அரைவேக்காட்டு முட்டை தருவார். சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்த கொட்டையைத் துணிப்பையில் வடிகட்டி இறக்கும் அந்தக் கோப்பிதான் அவர் வியாபாரம். சார் குவே தியாவ், இறால் மீ, லக்சா, கஞ்சி என்று மற்ற ஒவ்வொன்றுக்கும் ஓர் அங்காடிக்காரர் இருப்பார். அவர் தவுக்கேயிடம் மூலை வாடகை கொடுத்துத் தன் அடுப்பைத் தானே வைத்திருப்பவர். முப்பது வருடமாக ஒரே பலகாரத்தைச் செய்கிறார். நாக்கில் நிற்கும் அந்த ருசி அப்படி வந்ததுதான்.

இவர்களில் பலர் கையில் எழுத்து என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. நீங்கள் தவுக்கேயின் குத்தகையை முடித்தால் சட்டப்படி ஓர் ஆள் வெளியேறுகிறார், நடப்பில் ஆறு அடுப்பு அணைகிறது.

நான் பசியாறிவந்த கடையில் அதுதான் நடந்தது. உரிமையாளர் தவறாக எதுவும் செய்யவில்லை; தவுக்கேக்கு முறைப்படி அவகாசம் கொடுத்தார். தவுக்கே மனது கேட்காமல் கடைசி வாரம் வரை மற்றவர்களிடம் சொல்லாமல் இருந்துவிட்டார். முன்புற ஐந்தடியில், அதாவது கடைக்கு முன்னால் உள்ள நடைபாதையில், ஓர் அம்மா இடியாப்பம் விற்பார்; இங்கே அதற்குப் பூத்து மாயாம் என்று பெயர். மூங்கில் தட்டை ஒரு தட்டுத் தட்டி வாழையிலையில் கவிழ்த்து, தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும் தூவி, இலையை நான்காக மடிப்பார். ஆவியில் இலை வாடும் வாசனை தெருமுனை வரை வரும். இன்று அந்த இடத்தில் இரண்டு பூந்தொட்டிகள் இருக்கின்றன. கடை இப்போது காபே; அது திறப்பது பத்து மணிக்கு. அந்த அம்மா வியாபாரத்தை முடித்துத் துடைத்துவிட்டுப் போவது ஒன்பதரைக்கு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே தேவையிருந்திருக்காது.

நம் ஊரின் பெரிய சாப்பாடுகள் பல வாசலிலும் ஐந்தடியிலும் பிறந்தவை. கண்டார் என்பது தோளில் வைக்கும் காவடிக் கம்பு. தமிழ் முஸ்லிம்கள் அதன் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சுமந்துபோய் விற்றார்கள். கம்பு போய்க் கடை வந்தபிறகும் கை மாறவில்லை. பாருங்கள்: சோற்றைக் குவித்ததும் மீன் குழம்பில் ஒரு கரண்டி, கோழிக் குழம்பில் ஒன்று, கறுத்த மாட்டிறைச்சிக் குழம்பில் அரை, கடைசியாகப் பருப்பு. ‘பஞ்சீர்’ என்று நீங்கள் சொன்னால் தட்டு விளிம்பு வரை வெள்ளம். எந்தக் குழம்பு முன், எது பின் என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். சீனர்களின் மஞ்சள் மீயை வாங்கி நம்மவர்கள் மாமாக் மீ கோரெங் என்ற மீ வறுவல் ஆக்கியதும் இப்படி ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்தில் அடுப்பு வைத்ததால்தான். 2024 டிசம்பரில் ரொட்டி சானாய், தே தாரிக், நாசி லெமாக் கொண்ட மலேசியப் பசியாறல் பண்பாட்டையே யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பசியாறலுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். அந்த இடம் உங்கள் சொத்தில் இருக்கிறது.

வாடகையைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. கோப்பிக்கடையின் குத்தகை முடியும்போது தவுக்கேயிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். ஒரு காலையில் போய் உட்கார்ந்து, ஒவ்வோர் அடுப்புக்காரரிடமும் நேரில் சொல்லுங்கள். மூன்று மாதம் முன்னால் தெரிந்தால் பக்கத்துத் தெருவிலேயே வேறு மூலை தேடிக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் தெரிந்தால் வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு இருந்துவிடுவார்கள். அடுத்து, காபேக்கு எழுதும் பத்திரத்தில் ஒரு வரி சேருங்கள்: உரிமம் உள்ள காலை அங்காடிக்காரர் ஒருவருக்குக் கடை திறக்கும்வரை முன்பக்கத்தில் இடம் உண்டு என்று. காபே வைக்க வரும் இளைஞர்கள் இதை மறுக்கமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. தங்கள் சுவரில் பழைய தெருவின் படம் மாட்டுகிறவர்கள் அவர்கள்.

கோங்சி, வக்ஃபு, கோயில் பொறுப்பாளர்களிடம் கூடுதலாக ஒன்று. உங்களிடம் இருப்பது தனி ஒருவரின் சொத்து அல்ல. கப்பலேறி வந்தவர்கள் தங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று விட்டுப்போனது. தொடக்கம் உங்களிடமிருந்து வந்தால் மற்றவர்களிடம் கேட்பது எளிதாகும்.

அந்த இடியாப்ப அம்மா இப்போது தீவின் மறுபக்கத்தில், மகள் வீட்டில் இருக்கிறார். தட்டுகளைத் தூக்கிப்போடவில்லை. போன மாதம் பார்க்கப் போனபோது, எடுத்துக் கழுவி வெயிலில் வைத்திருந்தார். உங்களில் ஒருவர் வாசலைக் கொடுத்தால் அடுத்த திங்கள் காலையே வந்துவிடுவதாகச் சொன்னார். பத்து மணிக்குள் துடைத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

அன்புடன்,
கடைத்தெருக்காரன்