விமான எண்ணெய் பற்றி சுப்ராவுக்கு

பந்திங்

அன்புள்ள சுப்ரா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்தி விமானம் ஓட்டப் படிக்கிறாளா! லயத்து வீட்டில் பிறந்தவன் வம்சத்தில் ஒரு பைலட். இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை, செம்பனை லாரிகள் ரோட்டைச் சேறாக்கிவிட்டன.

“சிப்பாங் விமான நிலையத்தில் இத்தனை வருஷம் விமானத்துக்கு எண்ணெய் ஊற்றினாயே, அதில் அப்படி என்ன விசேஷம்?” என்று கேட்டிருக்கிறாய். சொன்னால் ஏமாந்து போவாய். பெரிய விமானங்களுக்குப் போகும் ஜெட் ஏ-1, நம் அரிக்கேன் விளக்கில் எரிந்த மண்ணெண்ணெயின் சொந்தக்காரன்தான். சுத்தமும் குளிர் தாங்கும் குணமும்தான் கூடுதல். 35,000 அடி உயரத்தில் வெளியே சுமார் மைனஸ் 54 டிகிரி. ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை உறையக் கூடாது என்பது விதி. அமெரிக்காவில் ஓடும் ஜெட் ஏ-க்கு மைனஸ் 40 போதும். இறக்கைக்குள் இருக்கும் எண்ணெய் மெல்லத்தான் குளிரும். ரொம்பக் குளிர்ந்தால் பைலட் கொஞ்சம் கீழே இறங்கிப் பறப்பார்.

எமன் எண்ணெயில் இல்லையப்பா, அதிலிருக்கும் தண்ணீரில். 2008 ஜனவரியில் பெய்ஜிங்கிலிருந்து லண்டன் போன போயிங் 777 ஒன்று ஓடுபாதையை எட்டாமலே தரையில் விழுந்தது. எண்ணெய் உறையவில்லை; அதில் கலந்திருந்த துளி நீர் பனிக்கட்டியாகி வழியை அடைத்துக்கொண்டது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. நம் ஊர் வெக்கைக்கு வேறு தொல்லை: தொட்டியடியில் தண்ணீர் நின்றால் பூஞ்சை பிடிக்கும். அதனால் ஊசிக்குழாயின் முனையில் மஞ்சள் வில்லை ஒன்றை மாட்டி எண்ணெயை உறிஞ்சிப் பார்ப்போம். வில்லை பச்சையடித்தால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம், ஊற்றுவதை நிறுத்த வேண்டியதுதான்.

பேத்தி ஓட்டுவது பிஸ்டன் இன்ஜின் வைத்த சின்ன விமானம் என்றால் அதற்குப் பெரும்பாலும் ஏவ்கேஸ் 100எல்எல்தான். பெட்ரோல் சாதி, இன்ஜின் தட்டாமலிருக்க ஈயம் கலந்தது, நீலச் சாயம் போட்டது. அதற்குப் பதில் ஜெட் எண்ணெயை ஊற்றிவிட்டால் உடனே தெரியாது. குழாயில் மிச்சமிருக்கும் ஏவ்கேஸில் இன்ஜின் ஓடும், விமானம் எழும்பும், அப்புறம்தான் நிற்கும். இதற்காகவே, ஏவ்கேஸ் தொட்டியின் வாயில் நுழையாதபடி ஜெட் எண்ணெய்க் குழாயின் வாயை வாத்து மூக்குபோல் அகலமாகச் செய்கிறார்கள். இரண்டும் கலந்தாலும் நீலம் தெரியும், ஆகவே நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடச் சொல். ஏவ்கேஸ் காய்ந்து மறையும். ஜெட் எண்ணெய் கலந்திருந்தால் பிசுக்கு வட்டம் நிற்கும்.

செம்பனை எண்ணெயில் விமானம் பறக்குமா என்றும் கேட்டாய். மார்கழிக் காலைக்கே புட்டியில் கலங்கித் தடிக்கிற சாமான் அது, மேலே என்ன ஆகும் சொல்! ஹைட்ரஜன் சேர்த்து அதன் உருவையே மாற்ற வேண்டும். அப்படி மாற்றியதையும் சாதாரண ஜெட் எண்ணெயோடு பாதிக்கு மேல் கலக்க இப்போது அனுமதியில்லை. ஐரோப்பிய விதிகளோ செம்பனை எண்ணெயைப் பசுமை எரிபொருளாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. பொரித்து மிஞ்சிய பழைய எண்ணெய் என்றால் சரி என்கிறார்கள். நம் தோட்டத்துச் சரக்கு வடை பொரித்துக் கறுத்த பிறகுதான் அங்கே மரியாதை!

பேத்தியிடம் ஒன்று சொல். பறக்குமுன் தொட்டியடி எண்ணெயைப் பிடித்துப் பார்க்கும் வேலையை அடுத்தவனிடம் விடாமல் அவளே செய்யட்டும். தைப்பூசத்துக்கு வருவதானால் முன்னதாகவே எழுது, அவளையும் கூட்டி வா.

அன்புடன்,
ராஜு