2022-23 ஆண்டறிக்கை: கொழும்பு பாக்கி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சந்தா வசூல், பொதுச் சுத்திகரிப்பு நிலையப் பங்குத்தொகை எல்லாம் வழக்கம்போல் நடந்தன. பொருளாளர் கணக்கு வாசிப்பார். செயற்குழுவின் நேரமெல்லாம் நம் தோலுக்குக் கொழும்பு வியாபாரிகள் தர வேண்டிய பாக்கியிலேயே போனது.

பேர்ணாம்பட்டிலிருந்து லைனிங் தோல் (காலணியின் உள்பக்கத்துக்கானது) அனுப்பியவர்களுக்கு 2022 தொடக்கத்திலேயே பணம் இழுபறியானது. வாங்கியவர்கள் யாரும் ஏமாற்றவில்லை. ஒருவர் தன் வங்கியில் இலங்கை ரூபாய் கட்டிய சீட்டையே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முத்திரை பளிச்சென்று இருந்தது. மாற்றிக்கொடுக்க அந்த வங்கியிடம்தான் டாலர் இல்லை. அவர் கட்டியபோது டாலர் 203 ரூபாய்ப் பக்கம். மார்ச் மாதம் இலங்கை மத்திய வங்கி ரூபாய் மதிப்பின் மீதிருந்த பிடியைத் தளர்த்தியது, மே மாதத்துக்குள் 360-ஐ ஒட்டிப் போனது. பில் டாலரில் இருப்பதால் வித்தியாசம் அவர் தலையில்தான். அதற்காகக் கழுத்தைப் பிடித்தால் கடையையே மூடிவிடுவார் என்று தவணைக்கு ஒப்புக்கொள்ளச் சொன்னோம். சிலருக்கு வருத்தம்தான், எனக்கு இன்றும் அதுவே சரியென்று படுகிறது.

இங்கே வேறு தலைவலி. அப்போது ஏற்றுமதிப் பணம் 9 மாதத்தில் வராவிட்டால் வங்கியில் அவகாசம் வாங்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் ஷிப்பிங் பில் (சுங்கத்துறையில் பதிந்த ஏற்றுமதி ஆவணம்) நிலுவைப் பட்டியலில் நிற்கும். ஏற்றுமதிக்காகத் திரும்பக் கிடைத்த வரியான டிராபேக்கையும் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். விண்ணப்பத்தோடு அந்தச் சீட்டின் நகலை வைத்தது நன்றாகவே கைகொடுத்தது.

2022 ஜூலை 8-இல் இலங்கை வர்த்தகப் பணத்தை ஆசிய தீர்வு ஒன்றியத்துக்கு (ஆசிய நாடுகளின் மத்திய வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கும் அமைப்பு) வெளியே தீர்த்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஜூலை 11-இல் வெளிநாட்டு வியாபாரத்துக்கு நம் ரூபாயிலேயே பில் போடவும் வழி திறந்தது. இனி கவலையில்லை என்றார்கள் பலர். டாலர் இல்லாத வங்கிக்கு நம் ரூபாய் மட்டும் எங்கிருந்து வரும்? அவர்கள் நமக்கு ஏதாவது விற்க வேண்டும், அல்லது நாம் கடன் கொடுக்க வேண்டும். இந்தியா கொடுத்த 100 கோடி டாலர் கடன் உணவு, மருந்து போன்றவற்றுக்கு. தோலுக்கு அதில் முதலிடமில்லை. 2023 மார்ச் 20-இல் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) இலங்கைக்குச் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்த பிறகுதான் தவணைகள் ஒழுங்காக வரத் தொடங்கின.

இ.சி.ஜி.சி. என்னும் மத்திய அரசின் ஏற்றுமதிக் காப்பீட்டு நிறுவனத்தில் பாலிசி எடுத்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். வெளிநாட்டில் அன்னியச் செலாவணி இல்லாமல் பணம் தாமதமாவதும் அதில் அடங்கும். பிரீமியம் தண்டச்செலவு என்று சென்ற கூட்டத்தில் வாதாடிய பாய்மார்கள் இப்போது விண்ணப்பம் கேட்கிறார்கள். சங்க அலுவலகத்தில் இருக்கிறது.

இதுபோலவே எகிப்திலிருந்து வர வேண்டிய பாக்கியும் இன்னும் நிற்கிறது. அந்தக் கோப்பைப் புதிய செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் ஷிப்பிங் பில் நகல்களை அவரிடம் சீக்கிரம் சேர்க்க வேண்டுகிறேன்.

செயலாளர்