துறவற இல்லங்கள் எங்களுக்கும் கற்றுத்தரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கத்தோலிக்கத் துறவற சபைகளில் சேர வருகிறவர்கள் குறைந்துவருவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். ஆள் இல்லாத இடத்தில் குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினரை அமர்த்திச் சமாளிக்கலாம் என்ற யோசனை அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. நான் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். கணவர், இரண்டு பிள்ளைகள் என்று குடும்பம். சில வருடங்களாக பெனடிக்ட் சபை அருட்சகோதரிகளின் இல்லத்தில் சேர்ந்து செபித்துவருகிறேன். துறவியர் எங்களுக்கு வேலை தருவதைவிட, தாங்கள் வாழும் முறையைக் கற்றுத்தர வேண்டும் என்பதே என் விருப்பம்.

இதற்கு முன் வேறொரு சபையாரிடம் போயிருந்தேன். நன்கொடைச் சீட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார்கள்; திருவிழாவுக்குப் பீடம் அலங்கரிக்கக் கூப்பிட்டார்கள். எல்லாம் சந்தோஷமாகவே செய்தேன். "சிஸ்டர், நீங்கள் செபிக்கும் முறையை எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டபோதுதான், "குடும்பத்தில் இருக்கிறவர்களுக்கு அதெல்லாம் எதற்கம்மா, செபமாலை சொன்னால் போதும்" என்றார்கள். செபமாலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆழ்ந்த செப வாழ்வு ஒரு சாராருக்கு மட்டும்தான் என்பது போல் சொன்னது மனதை வலித்தது. உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், அனைவரும் தூய வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று சொல்வதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறதே!

இப்போது போகும் இல்லத்தில், நாளின் வெவ்வேறு நேரங்களில் சொல்லும் செபங்கள் அடங்கிய திருப்புகழ்மாலைப் புத்தகத்தில் எந்த நிற நாடா எந்தப் பகுதிக்கு என்று வயதான சகோதரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். விவிலியத்தில் உள்ள திருப்பாடலை இரண்டு வரிசையாகப் பிரிந்து மாறி மாறிச் சொல்வார்கள். ஒவ்வோர் அடியின் நடுவிலும் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாருமே அங்கே நிற்காமல் ஓடிவிடுவோம். சகோதரி கையைத் தொட்டு, "எதிர்ப்பக்கம் முடிக்கட்டும், அப்புறம் நாம்" என்பார். மருத்துவமனையில் பணி மாறும்போது, நோயாளியின் நிலைமையைச் சொல்பவர் முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்க என்னைப் பழக்கியது இதுதான்.

புனித பெனடிக்டின் ஒழுங்குநூல் எங்கள் வீட்டையே மாற்றியது. ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன் மடத்துத் துறவியருக்காக எழுதப்பட்டது. அதன் 35ஆம் அதிகாரம் சமையலறைப் பணியைப் பற்றியது. எல்லாரும் வாரமுறை வைத்து அந்த வேலையைச் செய்ய வேண்டும். நோயுற்றவர்களுக்கும் முக்கியமான பொறுப்பில் இருப்பவர்களுக்கும்தான் விலக்கு. வாரம் முடிந்து போகிறவர் துண்டுகளைத் துவைத்து வைத்து, அடுத்த முறைக்காரரோடு சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாக, சேதமில்லாமல் ஒப்படைக்க வேண்டும். இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து காலையில் அடுப்படிக்குப் போவது நான் ஒருத்திதான் என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் உறைத்தது. இப்போது எங்கள் வீட்டிலும் முறை உண்டு. மகனுக்குப் பாத்திரம் தேய்க்க இன்னும் சரியாக வரவில்லை, ஆனால் தன் முறையை அவன் விடுவதில்லை. முக்கியமான முடிவென்றால் எல்லாரையும் கூப்பிட்டுக் கேள், எது நல்லது என்பதை ஆண்டவர் பல நேரம் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று 3ஆம் அதிகாரம் சொல்கிறது. பிள்ளைகள் இருக்கும் எந்த வீட்டுக்குத்தான் இது பொருந்தாது?

நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. அசிசி பிரான்சிஸின் வழியில் நடக்க விரும்பிய இல்லறத்தாருக்கு 1221இலேயே வாழ்க்கை ஒழுங்கு எழுதிக்கொடுத்தார்கள்; அதுதான் இல்லறத்தாருக்கான மூன்றாம் சபையாக வளர்ந்தது. திருச்சபையின் சிறந்த போதகர்களுக்குத் தரும் மறைவல்லுநர் பட்டத்தை 1970இல் பெற்ற சியன்னா நகர் கத்தரீன் மடத்துக் கன்னியர் அல்ல. தோமினிக் சபையின் ஆன்மிகத்தைத் தழுவி வாழ்ந்த பொதுநிலைப் பெண்.

இதனால் துறவியருக்கு என்ன கிடைக்கும் என்று சிலர் கேட்கலாம். பொதுநிலையினர் பங்கெடுக்கும்போது ஒரு சபையின் தனிவரத்தை, அதாவது அதற்கே உரிய ஆன்மிகக் கொடையைப் பற்றி எதிர்பாராத வளமான பார்வைகள் கிடைக்கின்றன என்று 1996இல் துறவறம் பற்றிய மடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதியிருக்கிறார். ஒருநாள் 88ஆம் திருப்பாடலைச் சொல்லி முடித்தோம். ஆறுதலே இல்லாமல் இருளில் முடியும் பாடல் அது. இறக்கும் நிலையில் இருப்பவர் பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் செபிப்பாய் என்று இளம் சகோதரி ஒருவர் என்னிடம் கேட்டார். "பாதி நேரம் செபமே வராது சிஸ்டர். கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இந்தப் பாட்டு மாதிரிதான் இருக்கும்" என்றேன். அப்புறம் சபையில் புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெறும் நவசந்நியாசிகளிடமும் இதைப் பேசச் சொன்னார்கள்.

சபைத் தலைவர்களிடம் சில கோரிக்கைகள். செப நேரங்களை வாசலில் எழுதிப் போடுங்கள். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களும் குழந்தை வைத்திருப்பவர்களும் வரக்கூடிய ஒரு நேரமாவது வாரத்தில் இருக்கட்டும். நிதி திரட்டும் பேச்சை இதோடு கலக்காதீர்கள். எங்களைப் பாதித் துறவியாக்கவும் பார்க்காதீர்கள். கைக்குழந்தைக்காரி விடியற்காலைச் செபத்துக்கு வரவில்லை என்றால் அது குறை ஆகாது, அந்தக் குழந்தையை வளர்ப்பதும் அவளுக்கு வந்த அழைத்தல்தான். பொதுநிலையினருக்கான பயிற்சியைத் திட்டமிட நீங்கள் கூடும்போது எங்களில் இரண்டு பேரையாவது கூட உட்காரவைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பொதுநிலை வாசகி ஒருவர்