மான் வேட்டைக்கு வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். கடையில் உன் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறார்கள். மானை வரவழைக்கும் மான் மூத்திர பாட்டில், கொம்பு மோதும் சத்தம் எழுப்பும் பை, முன்னூறு டாலர் கேமோ (காட்டு நிறத்தில் மறைக்கும்) உடை எல்லாவற்றையும் அடித்துவிடு.

இங்கே விஸ்கான்சினில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும், ஒன்பது நாள். ஃபீனிக்ஸில் நீ அரைக்கைச் சட்டையில் இருக்கும்போது இங்கே தண்ணீர் உறைந்திருக்கும். விடிவதற்கு முன்பே போய் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். அதனால் முதல் செலவு குளிருக்குத்தான். ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம். நடந்து வியர்த்தால் பருத்தி லேசில் காயாது, உட்கார்ந்ததும் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே மெரினோ கம்பளி, மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். அந்த ஜாக்கெட்டை நடக்கும்போது பையில் வைத்துக்கொள், உட்காரப்போகும்போது போட்டால் போதும். பூட்ஸ் அரை அளவு பெரியதாக இருக்கட்டும். தடித்த சாக்ஸ் போட்டு இறுக்கமானால் ரத்த ஓட்டம் குறைந்து கால்விரல் மரத்துவிடும்.

இடுப்புக்கு மேலே தெரியும் உடையில் பாதியாவது பளீர் ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தொப்பி போட்டால் அதுவும் அப்படித்தான். 2016 முதல் பளீர் பிங்க்கும் செல்லும். பிங்க் என்றாலே உனக்கு ஆகாது, தெரியும்; ஆரஞ்சே வாங்கு. மானுக்கு இந்த நிறம் நம் கண்ணுக்குத் தெரிவது போலப் பளிச்சென்று தெரியாது. அதன் மூக்கைத்தான் ஏமாற்ற முடியாது. காற்று உன்னிடமிருந்து மான் வரும் பக்கம் வீசினால் எந்த ஸ்பிரேயும் உதவாது, இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ட்ரீ ஸ்டாண்டுக்கு, அதாவது மரத்தில் ஏறி உட்காரும் மேடைக்கு, முழு உடம்பு ஹார்னெஸ் (விழாமல் பிடிக்கும் பட்டை) கட்டாயம் வேண்டும். இதில் மட்டும் விலை பார்க்காதே, இரவல் வாங்காதே. தரையில் இருக்கும்போதே அதை மரத்தில் கட்டிய கயிற்றில் மாட்டி, இறங்கிக் கால் தரையில் படும்வரை கழற்றாதே. துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணி ஏறவும் கூடாது. தோட்டா இல்லாமல் கயிற்றில் கட்டிவிட்டு ஏறு, மேலே உட்கார்ந்து இழுத்துக்கொள்ளலாம்.

ரைஃபிள் வாங்க வேண்டாம், என்னுடைய .308 ரகத் துப்பாக்கி இருக்கிறது. வந்த மறுநாள் 100 கஜத்தில் குறி சரிபார்ப்போம். எந்தத் தோட்டாவில் சரிபார்க்கிறோமோ அதையேதான் காட்டுக்கும் எடுத்துப்போக வேண்டும். நான் செம்புத் தோட்டாதான் வைத்திருக்கிறேன். ஈயம் இறைச்சிக்குள் பொடியாகச் சிதறும்; நாம் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுக்கும் அது விஷம். பைனாகுலர் ஒன்று வாங்கிக்கொள். புதரில் அசைவது என்னவென்று துப்பாக்கி மேல் இருக்கும் ஸ்கோப்பில் பார்க்கக் கூடாது. அங்கே நிற்பது மனிதனாக இருந்தால் நீ துப்பாக்கியை அவன் மேல் நீட்டியிருக்கிறாய் என்று அர்த்தம்.

உன் பட்டியலில் மான் விழுந்த பிறகு வேண்டியது ஒன்றுமே இல்லையே! மூன்று, நான்கு அங்குல மடங்காத கத்தி, ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, தலையில் மாட்டும் டார்ச், இழுக்கக் கயிறு. வயிற்றைத் திறக்கும்போது கத்தியின் கூர் மேலே பார்க்க வேண்டும். இடது கையின் இரண்டு விரலால் தோலைத் தூக்கி, அவற்றுக்கு நடுவில் கத்தியை மெல்ல நகர்த்து. குடலோ மூத்திரப்பையோ கிழிந்தால் இறைச்சி கெடும். சூடு சீக்கிரம் இறங்க வேண்டும் என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. மறுநாள் மாலை 5 மணிக்குள் மானைப் பதிவு செய்ய வேண்டும். 2002இல் இங்கே சிடபிள்யூடி என்ற மூளை நோய் மான்களில் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகுதான் நம் வீட்டில் குழம்பு.

மதுரைக்கு போன் பேசும்போது பாட்டியிடம் இதைப்பற்றி மூச்சு விடாதே. அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைத் தொட்டால் ஜெயில். அப்பனும் மகளும் ஒளிந்து வேட்டையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். இங்கே லைசென்ஸ் வாங்கிப் போகிறோம் என்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்புறம், நீ முடித்த ஹன்டர் எஜுகேஷன் (வேட்டைப் பயிற்சி) சான்றிதழ் வேறு மாநிலத்தினுடையதானாலும் இங்கே செல்லும். அதன் எண்ணை அனுப்பு. அம்மாவின் பழைய பூட்ஸ் உனக்குச் சேருமா என்றும் பார்க்க வேண்டும், கால் அளவையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அப்பா