கெச்சப் ஊத்தினால் அது சோஸ் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட சமையல் பக்கத்தில வீட்டிலயே ஸ்பகெற்றி சோஸ் செய்யிறது எப்பிடி எண்டு ஒரு குறிப்புப் போட்டிருந்தீங்கள், யாழ்ப்பாணத்தில இருக்கிற என்ர தங்கச்சி அதைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில அனுப்பி "அக்கா இது சரியோ" எண்டு கேட்டவள். சரியில்லை. நான் இத்தாலியில சிசிலித்தீவில பலெர்மோவில 24 வருசமா இருக்கிறன், அதில 18 வருசம் ஒரு வயசுபோன சிக்னோரா (இத்தாலிய அம்மா) வீட்டுக் குசினியிலதான் போனது, ஆனபடியால் இதில வாய்திறக்க எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கெண்டு நினைச்சுத்தான் எழுதுறன்.

நீங்கள் போட்டது என்னெண்டால், 3 தக்காளி, அரைக் கப் கெச்சப், ரெண்டு கரண்டி சோளமா, சீனி, கறிமசாலா, 10 நிமிசம். கெச்சப்புக்குள்ள ஏற்கனவே வினாகிரியும் சீனியும் கிடக்கு, அதுக்கு மேல நீங்கள் இன்னும் சீனி போட்டு, தடிக்கேல்லை எண்டு சோளமாவும் கரைச்சு ஊத்தினால் அது சைனீஸ் கடை கிறேவி, ஸ்பகெற்றிக்கு ஊத்துறதில்லை. தக்காளி தானாத் தடிக்கும் ஐயா, நேரம்தான் குடுக்கவேணும்.

இன்னொண்டு. மார்க்கோ போலோ சீனாவில இருந்து ஸ்பகெற்றியைக் கொண்டுவந்தவர் எண்டு குறிப்புக்கு மேல நாலு வரி எழுதியிருக்கு. அவர் வெனிசுக்குத் திரும்பி வந்தது 1295இல. ஆனா 1154இலயே அல் இத்ரிசி எண்ட அரபு புவியியல்காரர், இஞ்ச சிசிலியை ஆண்ட ரொஜெர் ராசாவுக்காக எழுதின புத்தகத்தில, பலெர்மோவுக்குப் பக்கத்தில இருக்கிற த்ராபியா எண்ட ஊரில நூல்மாதிரி மாப்பண்டம் செய்து கப்பலில வெளியூருக்கு அனுப்பினம் எண்டு எழுதிவச்சிட்டார். த்ராபியா எங்கட வீட்டில இருந்து ரெயினில போய்வாற தூரம், அதாலதான் இந்தக் கதையை வாசிக்க எனக்குக் கொஞ்சம் கோவம் வந்தது. அந்தக் காலத்தில தக்காளி இஞ்ச இல்லவே இல்லை, அது எங்கட மிளகாய்மாதிரி அமெரிக்காவில இருந்து பிறகு வந்தது. பாஸ்ராவும் தக்காளியும் சேர்த்த செய்முறையை நாப்போலியில கவல்கந்தி எண்டவர் எழுதினது 1839இலதான்.

சரி, சோசுக்கு வாறன். இஞ்ச ஓகஸ்ட் மாசம் வெயில் கொளுத்தேக்க ஊர்ப்பக்கம் எல்லாரும் சல்சா போடுவினம், சல்சா எண்டால் வேறொண்டுமில்லை, தக்காளிச் சாறு. பெட்டி பெட்டியா வாங்கிவந்து கழுவி, அவிச்சு, கையால சுத்துற ஒரு மெஷினில விட்டால் தோலும் விதையும் ஒருபக்கம் போகும், சாறு மற்றப்பக்கம் வரும். போன தோலைத் தூக்கித் திரும்பவும் ஒருக்கா மெஷினில விடவேணும், ரெண்டாந்தரம் வாறதுதான் நல்ல தடிப்பு. முதல் வருசம் நான் அதைக் குப்பையில கொட்டப்போக சிக்னோரா கத்தின கத்து இப்பவும் காதுக்குள்ள நிக்குது. பிறகு போத்தலில ஒரு பசிலிக்கோ (பேசில் எண்ட மணத்தழை) இலை போட்டு, சாறை நிரப்பி, மூடி இறுக்கி, பெரிய ட்ரம்முக்குள்ள பழந்துணி சுத்தி அடுக்கி, தண்ணி விட்டுக் கொதிக்கவச்சு, அந்தத் தண்ணிக்குள்ளயே ஆறவிட்டு அடுத்தநாள் காலமைதான் எடுக்கிறது. அவசரப்பட்டு எடுத்தால் போத்தல் வெடிக்கும். போத்தலில விடாமல் சாறில கொஞ்சத்தை உப்புப் போட்டுப் பலகையில பரப்பி நாள்க்கணக்கா வெயிலில காயவிடுவினம், கையால பிரட்டிப் பிரட்டி, பின்னேரம் உள்ள எடுத்துவச்சு, திரும்பக் காலமை வெளிய, அப்பிடியே எங்கட அம்மா பாயில மோர்மிளகாய் காயப்போட்டமாதிரி. கிட்டத்தட்ட 10 கிலோ தக்காளி 1 கிலோவா வத்தும், அதுக்கு ஸ்த்ராத்து எண்டு பேர், அரைக்கரண்டி போட்டாலே காணும்.

எங்கட ஊரில மெஷின் இல்லை, தேவையுமில்லை. 2 கிலோ தக்காளி, நல்லாப் பழுத்தது, அமத்தினால் கை உள்ள போகவேணும். ரெண்டா வெட்டி, தண்ணி ஒரு சொட்டும் விடாமல் மூடி அவிச்சு, அரிதட்டில போட்டு அகப்பையால தேச்சு எடுங்கோ. தயவுசெய்து பிளெண்டரில அடிக்கவேண்டாம். விதை உடைஞ்சால் கசக்கும், காத்துப் பூந்து நிறமும் வெளிறிப்போய் ஒரு தோடம்பழ நிறத்துக்கு வரும், பிறகு என்ன செய்தாலும் சிவக்காது. தங்கச்சிக்கு இது ரெண்டுதரம் நடந்தது.

பிறகு சட்டியில 4 மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு சின்ன வெங்காயம் பொடிப்பொடியா வெட்டி, நெருப்பை நல்லாக் குறைச்சு, கறிக்குத் தாளிக்கிறமாதிரி பொன்னிறத்துக்கு விடாமல் கண்ணாடிமாதிரி வந்தவுடன சாறை ஊத்துங்கோ. ஒலிவ் எண்ணெய் விலையெண்டால் மணமில்லாத எந்த எண்ணெயும் பரவாயில்லை, தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம், சொதி மணம் வரும். உள்ளி போடலாமோ எண்டால் போடலாம், ஆனா உள்ளியெண்டால் உள்ளி, வெங்காயமெண்டால் வெங்காயம், இஞ்ச கனபேர் ரெண்டையும் சேர்த்துப் போடமாட்டினம், அதுக்காகக் குடும்பத்துக்குள்ளயே சண்டை பிடிக்கினம். மூடியை அரைவாசி திறந்துவச்சு முக்கால் மணித்தியாலம், தண்ணித் தக்காளியெண்டால் ஒரு மணித்தியாலம். எப்ப காணுமெண்டு மணிக்கூட்டைப் பாக்கத் தேவையில்லை, எங்கட கறியில எண்ணெய் மேல மிதந்து வாறமாதிரி சிவப்பு எண்ணெய் ஓரத்தில பிரிஞ்சு நிக்கும், அவ்வளவுதான். உப்பைக் கடைசியில போடுங்கோ, வத்தின பிறகுதான் அளவு விளங்கும்.

புளிப்புக் கூடவெண்டால் சீனி போடலாமோ? சிக்னோராவே ஒரு சிட்டிகை போடுறவ, நான் அதை இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பிழை தக்காளியிலதான் இருக்கும். இஞ்ச வல்லெதோல்மோப் பக்கம் சிக்காஞ்ஞோ எண்டொரு தக்காளி, தண்ணி இறைக்காமலே வளக்கினம், சின்னதா, தோல் தடிப்பா, உள்ள சதையும் இனிப்பும். எங்கட தோட்டங்களில கிணத்துத் தண்ணியை விட்டு விட்டு வளத்துப்போட்டு, செங்காயா இருக்கேக்கையே பிடுங்கி லொறியில ஏத்தினால் அதில இனிப்பு எங்கயிருந்து வாறது? வாங்கிவந்து ரெண்டு மூண்டு நாள் வெளிய வச்சுப் பழுக்கவிடுங்கோ, குளிர்ப்பெட்டியில வைக்காதேங்கோ.

பசிலிக்கோவுக்கு உங்கட குறிப்பில துளசி எண்டு போட்டிருக்கு. துளசி கராம்பு மணம், கோயிலில நிக்கிற உணர்வுதான் வரும். ஃபலூடாவுக்குப் போடுற கசகசா இருக்கெல்லோ, கறுப்பா ஊறி வழுவழுக்கிறது, அதை ஒரு சாடியில தூவிப்பாருங்கோ, அதுதான் இந்தச் செடியின்ர இனம், எங்கட திருநீற்றுப்பச்சை. மணம் இஞ்சத்தையில கொஞ்சம் வித்தியாசம், ஆனா துளசியைவிட எவ்வளவோ மேல்.

உறைப்புப் போடக்கூடாதெண்டு நான் சொல்ல வரேல்லை. எங்கட வீட்டில இவர் செத்தல்மிளகாய் ரெண்டு கிள்ளிப் போடாமல் சாப்பிடமாட்டார், இத்தாலியின்ர தெற்கில கலாப்ரியாக்காரரும் எங்களை வெல்லுற உறைப்புத் தின்னிறவை. மீன்ரின் போட்டும் செய்வம், இஞ்ச பிறந்த பிள்ளையள் நக்கலடிச்சுக்கொண்டே ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிடுதுகள். ஸ்பகெற்றியை உடைக்கவேண்டாம், அவிக்கிற தண்ணிக்குள்ள எண்ணெய் விடவும் வேண்டாம், சோஸ் ஒட்டாமல் வழுக்கும். 100 கிராமுக்கு 1 லீற்றர் தண்ணி, 10 கிராம் உப்பு. வடிக்க முதல் அந்தத் தண்ணியில ஒரு கோப்பை எடுத்துவச்சு சோசோட சேர்த்துப் பிரட்டினால் சோளமா செய்யாத வேலையை அது செய்யும்.

போத்தலில அடைச்சு வைக்கலாம் எண்டு ஒரே வரியில எழுதி விட்டிருக்கிறீங்கள், அதுதான் என்னை உண்மையாப் பயப்படுத்தினது. சில தக்காளியில புளிப்புக் காணாது, அப்பிடியான போத்தலுக்குள்ள காத்தில்லாமல் வளருற கிருமி ஆளையே கொல்லும், மணத்திலயோ ருசியிலயோ பிடிபடாது. 1 லீற்றருக்கு 2 மேசைக்கரண்டி எலுமிச்சம்புளி விட்டுத்தான் அடைக்கவேணும், பிறகு போத்தலோட கொதிக்கவைக்கவேணும். எண்ணெய், வெங்காயம், உள்ளி போட்டு வதக்கின சோசை வெளிய அடைச்சு வைக்கவே கூடாது, அதைக் குளிர்ப்பெட்டியில வச்சு மூண்டு நாலு நாளில முடியுங்கோ, மிச்சத்தை உறையப்போடுங்கோ. வேறொண்டும் போடாட்டிலும் இந்தப் பந்தியை மட்டும் அடுத்த ஞாயிறு போட்டுவிடுங்கோ ஐயா.

தங்கச்சி நேத்து இப்பிடியே செய்து போட்டோ அனுப்பினவள், நிறம் நல்லா வந்திருக்கு. ஆனா சட்டி அலுமினியம். புளிப்பை அலுமினியத்தில ஒரு மணித்தியாலம் வத்தவிட்டதுக்கு அவளுக்கு இன்னொரு பேச்சு விழுந்தது.

இப்படிக்கு,
பலெர்மோவில இருந்து ஒரு வாசகி