பர்மா பட்டாளத்தார் வீட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த நாலு காகிதத்தையும் மூன்று மெடலையும் படித்துச் சொல்ல நீங்கள் எல்லோரும் எவ்வளவு வேலை மெனக்கெட்டீர்கள்! தனித்தனியாகப் போனில் நன்றி சொல்லிவிட்டேன். அது போதாது என்று அம்மா சொல்கிறார். அதனால் இந்த மடல்.

குடியாத்தம் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயர் 'பர்மா பட்டாளத்தார் வீடு'. தாத்தா ராணுவத்தில் பாதை, பாலம் போடும் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தார். 1946-இல் ஊர் திரும்பினார், 1961-இல் இறந்தார். அதன்பின் பென்ஷன் கேட்டு எழுதலாமென்று பெட்டியைத் திறந்தார்கள். இங்கிலீஷ் தெரிந்த பங்காளி ஒருவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, 'ஸ்ட்ரக் ஆஃப்னு போட்டிருக்கான், பேரை அடிச்சுத் துரத்தியிருக்கான்' என்றார். பாட்டி பெட்டியை மூடிவிட்டார். மனுவும் போடவில்லை. பெரியம்மா கல்யாணப் பேச்சின்போதுகூட அந்த வார்த்தை எங்கிருந்தோ வந்து விழுந்ததாம்.

முதல் நன்றி, கம்மவான்பேட்டைப் பக்கத்து ஓய்வு பெற்ற சுபேதார் ஐயாவுக்கு. நீங்களும் சாப்பர்ஸ் 'தம்பி'தான் (அந்தப் படையினருக்கு அப்படித்தான் செல்லப் பெயர்) என்பதால் காகிதத்தைக் கையில் வாங்கியதுமே, "இது ஷீட் ரோல் நகல், பத்திரம்" என்றீர்கள். ஆளின் சர்வீஸ் விவரம் எழுதும் பதிவேடாம் அது. அப்புறம் சிரித்தீர்கள். அந்த வார்த்தை முழுதாக 'ஸ்ட்ரக் ஆஃப் ஸ்ட்ரெங்த்'; ஸ்ட்ரெங்த் என்றால் இங்கே வலிமை இல்லை, ஆள் கணக்கு. ஒரு கம்பெனியின், அதாவது படைப்பிரிவின், கணக்கில் ஆளைச் சேர்த்தால் டி.ஓ.எஸ். (டேக்கன் ஆன் ஸ்ட்ரெங்த்); ஆஸ்பத்திரிக்கோ வேறு கம்பெனிக்கோ அனுப்பினால் எஸ்.ஓ.எஸ்., அதுதான் அந்த ஸ்ட்ரக் ஆஃப். "பள்ளிக்கூடத்துல டி.சி. வாங்கற மாதிரிப்பா, அவ்வளவுதான்" என்று நீங்கள் சொன்னபோது அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். டீ போடத்தான் என்றார். வெகுநேரம் வரவில்லை.

'கேஷுவல்டி' என்ற பத்தியைப் பார்த்து நான் பயந்ததற்கும் நீங்களே பதில் சொன்னீர்கள். ராணுவ ஏட்டில் அது சாவைக் குறிப்பதில்லை. ஆளின் நிலையில் எது மாறினாலும் கேஷுவல்டிதான். கல்யாணம் ஆனாலும் சரி, பிள்ளை பிறந்தாலும் சரி. போர்க்காலத்தில் சேர்ந்து சில வருஷத்தில் திரும்பியவர்களுக்குச் சர்வீஸ் பென்ஷன் கிடையாது என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். பாட்டி மனு போட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. ஆனால் டிஸ்சார்ஜ் காகிதத்தின் மடிப்பை, கரையான் தின்ற ஓரம் உதிராமல் பிரித்துக் காட்டினீர்களே, அங்கே நடத்தை என்ற இடத்தில் 'எக்ஸம்ப்ளரி' என்றிருந்தது. முன்மாதிரியான நடத்தையாம். அந்தப் பங்காளி மடிப்பைப் பிரிக்கவே இல்லை போலிருக்கிறது.

அடுத்து, மெடல் பார்த்துச் சொன்ன சென்னை நாணயச் சேகரிப்பாளருக்கு. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் புளி போட்டுத் தேய்த்து வைப்போம் என்று நான் பெருமையாகச் சொன்னதும் நீங்கள் தலையில் கைவைத்துக்கொண்டீர்கள். இரண்டாம் உலகப் போருக்கான நட்சத்திர வடிவ மெடல்களைப் பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள், இந்தியப் படையினருக்கு எண்ணும் பெயரும் பொறித்துக் கொடுத்தார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்தப் பெயரைத்தான் நாங்கள் வருஷா வருஷம் தேய்த்திருக்கிறோம். நல்லவேளை, வார் மெடலின் விளிம்பில் எழுத்து மிஞ்சியிருந்தது. நட்சத்திரத்தின் நடு வளையத்தை லென்ஸில் காட்டினீர்கள். ஒன்று 1939-45 ஸ்டார், இன்னொன்று இத்தாலி ஸ்டார். பர்மா ஸ்டார் இல்லவே இல்லை! ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் காலத்துச் சண்டை என்றாலே பர்மாதான், அதில் தாத்தாவையும் சேர்த்துவிட்டார்கள்.

காகிதத்தில் இருந்த 'சி.எம்.எஃப்.' என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. சென்ட்ரல் மெடிட்டரேனியன் ஃபோர்ஸ், அதாவது இத்தாலிப் போர்முனை. பக்கத்திலேயே '12 எஃப்.டி. காய்', பன்னிரண்டாம் ஃபீல்ட் கம்பெனி. நான்காவது இந்திய டிவிஷனோடு இருந்த மெட்ராஸ் சாப்பர்கள்.

லண்டனில் இருக்கும் சித்தி மகளே, உனக்கு எப்படி நன்றி சொல்வது? கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு இரண்டு சனிக்கிழமை கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய், டபிள்யூ.ஓ. 170 என்ற ஆவண வரிசையில் தாத்தாவின் கம்பெனியின் 1944-ஆம் வருஷப் போர் நாட்குறிப்பைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பினாய். தாத்தாவின் பெயரைத் தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, சாப்பர்கள் 'ஐ.ஓ.ஆர்.', வெறும் எண்ணிக்கை. இந்தியன் அதர் ரேங்க்ஸ் என்பதன் சுருக்கம் அது. எனக்கு அதில் கோபம் இன்னும் தீரவில்லை.

அந்தப் பக்கங்களை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா குறுக்கிட்டதால்தான் மீதி விளங்கியது. "மலை மேல மடம் இருந்துச்சு, குண்டு போட்டு இடிச்சாங்க, பாவம்னு அப்பா சொல்லுவாரு. கழுதைப் பாதையை ராத்திரியோட ராத்திரியா வண்டிப் பாதையா வெட்டினோம்னும் சொல்லுவாரு." ஏதோ நம்மூர்ப் பக்கத்து மலை என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறார். அது இத்தாலியின் மோன்டே காசினோ. அங்கிருந்த கிறிஸ்தவத் துறவிகள் மடத்தின் மேல் 1944 பிப்ரவரி 15-ஆம் தேதி குண்டு விழுந்தது. பக்கத்து மலைச்சரிவில் இருந்த கழுதைப் பாதையைச் சாப்பர்கள் அகலப்படுத்தினார்கள். மார்ச் 19-ஆம் தேதி டாங்குகளே அதில் ஏறிப் போயின. கேவண்டிஷ் ரோடு என்று அதற்குப் பெயர். ஷீட் ரோலில் தாத்தாவின் எஸ்.ஓ.எஸ். அதே மார்ச் மாதம்தான். எதிரே 'ஐ.ஜி.எச்.', இந்தியன் ஜெனரல் ஹாஸ்பிடல்.

அப்படியானால் அந்தப் பாதையில்தான் அடிபட்டாரா? சுபேதார் ஐயா, "இருக்கலாம். எழுதாததை நாம எழுதக் கூடாது" என்று என்னைப் பிடித்து நிறுத்தினீர்கள். அதற்கும் நன்றி. அதே டிவிஷனில் இருந்த சுபேதார் சுப்பிரமணியம், பிப்ரவரி 24 அன்று மிக்னானோ அருகே கண்ணிவெடி மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றியதையும், இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்றதையும் நீங்கள் சொல்லும்போதெல்லாம் குரல் மாறிவிடுகிறது. இன்னொரு முறை கேட்க வேண்டும்.

காகிதங்கள் இப்போது அமிலமில்லாத உறையில் இருக்கின்றன. உங்கள் எல்லோருக்கும் நகல் தபாலில் வருகிறது. ஊரில் பெயரை 'இத்தாலிப் பட்டாளத்தார் வீடு' என்று மாற்றிப் பார்த்தேன், ஒருவரும் கேட்பதாயில்லை. இந்த ஆயுத பூஜைக்கு எல்லோரும் வாருங்கள். மெடலுக்குப் பொட்டு மட்டும்தான், புளி குழம்புக்கு.

அன்புடன்,
பட்டாளத்தார் பேரன்