பேருந்து நிறுத்தத்தில் கேட்ட தமிழ்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தத் தவணையின் புத்தகப் பட்டியலும் விடுமுறை நாள்களும் தனித்தாளில் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்கு.

போன மாதம் ஒரு தாயார் என்னிடம் சொன்னது இது. தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகளோடு பேருந்துக்குக் காத்திருந்திருக்கிறார். வெளிநாட்டு ஊழியர் ஒருவர் மருத்துவமனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பேருந்து எண்கள் போட்ட பலகையை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர், எல்லார் கண்ணும் கைப்பேசியில். "அவரா வந்து கேட்டா சொல்லலாம்னுதான் நானும் இருந்தேன் டீச்சர்" என்றார் அந்தத் தாயார், ஒளிக்காமல். மகள் எழுந்து போய், "அண்ணா, எங்க போகணும்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் சீட்டை நீட்டினார். "இந்தப் பக்கம் இல்லண்ணா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கணும்." அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

வகுப்பில் அந்தப் பெண் வாய் திறப்பதே அபூர்வம். வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் அவளிடம் ஒரு முழு வாக்கியம் வாங்குவதற்குள் எங்கள் ஆசிரியருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

2025 ஜூலை 26 அன்று நம் சிங்கப்பூரில், தஞ்சோங் காத்தோங் ரோடு சவுத்தில் சாலை உள்வாங்கி ஒரு கார் குழிக்குள் விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பக்கத்து வேலையிடத்தில் இருந்த ஏழு வெளிநாட்டு ஊழியர்கள் கயிற்றைப் போட்டு, காரை ஓட்டிவந்த பெண்ணை மேலே இழுத்துக் காப்பாற்றினார்கள். அதிபர் தர்மன் சண்முகரத்னம் அவர்களை அதிபர் மாளிகையான இஸ்தானாவில் சந்தித்தார். இதை வகுப்பில் பேசியபோது பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "அவங்களுக்கு என்ன குடுத்தாங்க?" மனிதவள அமைச்சு பாராட்டு நாணயம் கொடுத்தது என்றோம். "அவ்ளோதானா?" என்றது பின் வரிசை.

அந்த "அவ்ளோதானா"வில் எனக்கும் பங்கு உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் 'அன்பு அட்டை' என்று ஒன்று கொண்டுவந்தோமே, ஒரு நல்ல காரியத்துக்கு ஒரு ஸ்டிக்கர், பத்து ஸ்டிக்கருக்கு ஒரு பரிசு? மூன்றாவது வாரமே ஒரு பையன் நண்பனின் பென்சில் பெட்டியைத் தட்டிவிட்டு, தானே பொறுக்கிக் கொடுத்து, ஸ்டிக்கருக்குக் கை நீட்டினான். அவனைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. திட்டம் போட்டது நான்தானே. அட்டையை நிறுத்திவிட்டோம்.

உங்களில் பலர் சிங்கா சிங்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். மரியாதையாக நடந்துகொள்ளச் சொல்லி 1979-ல் தொடங்கிய இயக்கத்துக்கு 1982-ல் சின்னமாக வந்து சேர்ந்த சிங்கம் அது. 2013-ல் "களைத்துவிட்டேன்" என்று கடிதம் எழுதிவைத்து வேலையை விட்டதாக அறிவித்தார்கள். விளம்பர உத்திதான், ஆனாலும் எனக்கு அந்தச் சிங்கத்தின் மேல் பரிதாபமாக இருந்தது. முப்பது வருடம் ஒரே பாடத்தை நடத்தினால் யாருக்குத்தான் அலுக்காது?

இத்தனை வருடம் பிள்ளைகளோடு இருந்ததில், இரக்கமே இல்லாத பிள்ளை என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. கையைப் பிடித்து இழுப்பது கூச்சம்தான். எல்லாரும் பார்ப்பார்களே, 'வேண்டாம்' என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிற தயக்கம். அதற்கு மேல் நாம் வேறு ஒரு வரி வைத்திருக்கிறோம்: "உனக்கு எதுக்கு வேண்டாத வேலை?" நானும் என் மகனிடம் சொல்லியிருக்கிறேன். இந்தத் தவணை முழுக்க அந்த ஒரு வரியை மட்டும் நிறுத்திவைக்க முடியுமா என்று பாருங்கள்.

அந்நியர்களைப் பற்றிய பயம் நியாயமானது. கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும், நாலு பேர் நடமாடும் இடமாக இருக்க வேண்டும், வழி சொல்லலாம், ஆனால் கூடப் போகக் கூடாது. இதை வகுப்பிலும் சொல்கிறோம், வீட்டிலும் சொல்லுங்கள்.

கூச்சம் போக வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. கோப்பிக்கடையில் மேசை துடைக்கும் ஆன்ட்டியிடம் நன்றி சொல்வது பிள்ளையாக இருக்கட்டும், நீங்கள் அல்ல. உணவங்காடி நிலையத்தில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் 2021 செப்டம்பரிலிருந்து நடவடிக்கை உண்டு. அதனால் தட்டு வைப்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் சிந்திய குழம்பை ஒரு டிஷ்யூவால் துடைத்துவிட்டு எழுந்திருக்க யாரும் அபராதம் போடவில்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகள் ஒரு விஷயம் சொல்வார்கள். தான் செய்த உதவியை அல்ல, வேறு யாரோ செய்து தான் பார்த்ததை. தமிழில்தான் சொல்ல வேண்டும், தப்பும் தவறுமாக இருந்தாலும் சரி. ஸ்டிக்கர் கிடையாது, பரிசு கிடையாது. சொல்ல எதுவும் கிடைக்கவில்லை என்று பிள்ளை வெள்ளிக்கிழமை இரவு புலம்பினால், அன்றைக்கு நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மூன்றாம் மாடிக்கு வரும் மின்தூக்கியை, ஓடி வருகிறவர்கள் எல்லாருக்காகவும் பிடித்து நிறுத்துவது என்று தொடக்கநிலை இரண்டு முடிவு செய்திருக்கிறது. போன வாரம் கதவு மூடவே இல்லை, பாதி வகுப்பு கீழேயே நின்றது. நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஒன்பது மணி வகுப்புக்கு எட்டு ஐம்பதுக்கே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்